எடைக்குப் போகும் அட்டைகள்

விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தைத் தாண்டி ஈஜிபுராவின் சந்துகளில் நுழைந்தால் காதில் விழுவதில் பாதி தமிழ். 2013 ஜனவரியில் இங்கிருந்த ஏழைகள் குடியிருப்பு இடிக்கப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சட்டி பானையைக் காப்பாற்றவே நேரமில்லாதபோது புத்தகத்தை யார் நினைப்பார்கள்? சாதாரணமாக வீடு மாறும்போதும் பரணிலிருந்து முதலில் இறங்குவது மாத நாவல் கட்டுதான். பழைய பேப்பர் கடைத் தராசுக்கு அதுவும் செய்தித்தாளும் ஒன்றே.

சேகரிப்பவர்கள் அந்தக் கட்டில் தேடுவது கதையை அல்ல, அட்டையை. 1969-ல் தொடங்கிய ராணிமுத்து, 1972-ல் வந்த முத்து காமிக்ஸ், ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்கள். ஜெயராஜ், மாருதி வரைந்த பெண் முகங்கள். உள்தாள் மலிவான நியூஸ்பிரிண்ட், மஞ்சளித்து நொறுங்கும். பின் துருப்பிடித்து அட்டையையும் அரிக்கும். வாடகை நூலகங்கள் செய்தது அதைவிடக் கொடுமை. அட்டையைக் கிழித்துவிட்டு காலிகோ பைண்டிங் போட்டார்கள். கதை பிழைத்தது, படம் போயிற்று.

சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் இக்கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்த பிறகு, தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த உலகம் அறிமுகமானது. ஆங்கிலப் பழைய பேப்பர்பேக் என்றால் பெங்களூரில் வழி எளிது: பிரிகேட் ரோடு பக்கம் 1945-ல் தொடங்கிய செலக்ட், சர்ச் தெருவில் 2001-ல் வந்த பிளாசம். தமிழ் நாவலுக்கு பேப்பர் கடைக்காரரின் தயவு வேண்டும். அவரும் விவரமாகிவிட்டால் வம்புதான்: அட்டை இருந்தால் தனி விலை, இல்லையென்றால் கிலோ கணக்கு.