முகத்தோடு முகம்

கல்விமான்கள் நிர்வாகக் கதிரையில் அமர்ந்ததும் தமது துறையை மறந்துபோவதை நிறையவே கண்டிருக்கிறேன். கவிதை கற்பித்தவர் சுற்றுநிருபம் எழுதிக்கொண்டிருப்பார். அதனாலேயே யப்பானியரான ஜூய்ச்சி யமாகிவாவின் வாழ்வு என்னை விடாமல் தொடர்கிறது.

1952இல் பிறந்த இவர், கியோத்தோ பல்கலைக்கழகத்தில் கற்று, முதலில் தம் நாட்டுக் குரங்குகளை ஆராய்ந்தார். பின்பு அன்றைய சயீரின் கஹூசி-பியேகா காட்டுக்குப் போனார். ருவண்டாவில் டயன் பொசியின் முகாமிலும் இருந்தார். கொரில்லாக்களிடம் அவரைத் திகைக்க வைத்தது ஒரு பார்வைதான். யப்பானியக் குரங்கிடம் உற்றுப் பார்த்தல் மிரட்டல். எளியது கண்ணைத் திருப்பிவிட வேண்டும். கொரில்லாக்களோ முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. இரு பெரிய ஆண்கள் மோதப் போனால் மூன்றாவது ஒன்று, சிலவேளை ஒரு குட்டிகூட, இடையில் புகுந்துவிடும். யாரும் தோற்காமலே இருவரும் விலகுவர்.

அந்தக் காட்டோரத்தில் 1992இல் உள்ளூர் வழிகாட்டியான ஜோன் கஹெக்வா 'போலே போலே' அமைப்பைத் தொடங்கினார், யமாகிவா துணைநின்றார். சுவாஹிலியில் அது 'மெல்ல மெல்ல'. மரநாற்று, பாடசாலை, முன்னாள் வேட்டைக்காரருக்கு மரச்சிற்ப வேலை: காட்டைக் காக்குமுன் காட்டோரத்து அடுப்பு எரியவேண்டும் என்ற எளிய கணக்கு. 1990களின் யுத்தத்தில் அங்கு மேட்டுநிலக் கொரில்லாக்கள் ஏறத்தாழப் பாதியாகின. அமைப்பு மட்டும் கலையவில்லை.

2014இல் பல்கலைக்கழகத் தலைவர் தேர்தல் வந்தது. நம் வழக்கில் உபவேந்தர் எனலாம். அவருக்கு வாக்களிக்காதீர்கள் என்று பிரசுரம் ஒட்டியவர்கள் அவருடைய ஆட்களே. வெறுப்பினால் அல்ல, கொரில்லா ஆய்வு அநாதையாகிவிடுமே என்று! ஆனாலும் பதவி அவரைத் தேடி வந்தது. இராணுவத் தேவைக்கான ஆய்வில் ஈடுபடுவதில்லை என 2018இல் அவர் காலத்தில் பல்கலைக்கழகம் அறிவித்தது. இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1913இல் கட்டப்பட்ட யோஷிதா மாணவர் விடுதி பழுதடைந்துவிட்டது, வெளியேறுங்கள் என்றது நிர்வாகம். மாணவர் மறுத்தனர். 2019இல் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் மீதே வழக்குத் தொடுத்தது. கட்டடத்தின் ஆபத்து மெய்யானதாக இருக்கலாம். ஆனாலும், முகம் பார்த்துப் பிணக்குத் தீர்க்கும் விலங்கைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவரின் கையொப்பக் காலத்தில் இது நடந்ததே என்பதை என்னால் இலகுவில் கடந்துபோக முடியவில்லை.

அவர் பதவியை விட்டது 2020 செப்டெம்பரில். 2024 பெப்ரவரியில் கியோத்தோ மாவட்ட நீதிமன்றம், வழக்கில் சிக்கிய 17 பேரில் 14 பேர் அங்கேயே தங்கலாம் என்று தீர்ப்பளித்தது.