கோடையில் பிறந்த கிறிஸ்துமஸ்

1946 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துத் தெற்கே, விளைநிலங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன ஊரில், நல்ல கோடைக்காலத்தில், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கென்றே ஒரு பூங்காவைத் திறந்தார்கள். பெயர் சாண்டா கிளாஸ் லேண்ட். ஒரு பொம்மைக் கடை, பொம்மைக் கண்காட்சி, சாப்பாட்டுக்கூடம், சின்னப் பிள்ளைகளுக்கான சில ராட்டினங்கள், குழந்தைப் பாட்டுகளில் வரும் உருவங்களின் ஊடே ஓடும் ஒரு குட்டி ரயில், எல்லாவற்றுக்கும் நடுவே சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாகத் தாத்தா. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. டிஸ்னிலேண்ட் திறக்க அப்போது இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. உலகத்தின் முதல் கருப்பொருள் பூங்கா இதுதான் என்று இண்டியானாக்காரர்கள் சொல்வார்கள். கலிபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்மும் அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுகிறது. யார் முதல் என்பதைவிட, இந்தப் பூங்கா எதற்காகப் பிறந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கு அந்த ஊரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1850-களில் அமைத்த ஊர் அது. முதலில் வைத்த பெயர் சாண்டா ஃபே. தபால் நிலையம் கேட்டு விண்ணப்பித்தபோது, அதே மாநிலத்தில் அந்தப் பெயரில் இன்னொரு ஊர் இருக்கிறது, வேறு பெயர் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஊரார் கூடிப் பேசிக்கொண்டிருக்கையில் கதவு காற்றில் திறந்ததாம், வெளியே மணிச்சத்தம் கேட்டதாம், பிள்ளைகள் சாண்டா கிளாஸ் என்று கத்தினார்களாம். செவிவழிக் கதை. எப்படியோ 1856-ல் சாண்டா கிளாஸ் என்ற பெயர் தபால் துறையின் ஏட்டில் ஏறிவிட்டது. எங்கள் ஊரும் பெயர் மாறிய ஊர்தான். அரிகொட்டாரா என்றிருந்ததை 1818-ல் மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், இங்கே பிறந்த தம் தந்தையின் நினைவாக சாமராஜநகர் ஆக்கினார். அரசர் வைத்த பெயரால் எங்களுக்கு ஒரு கோயிலும் கொஞ்சம் வரலாறும் கிடைத்தன. அந்த ஊருக்குக் கிடைத்தவை கடிதங்கள்.

நாடெங்கும் இருந்த குழந்தைகள் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்கள் அங்கே வந்து குவிந்தன. பொம்மை கேட்டார்கள், சைக்கிள் கேட்டார்கள், அம்மாவுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று கேட்டார்கள். 1914-ஐ ஒட்டி, ஜேம்ஸ் மார்ட்டின் என்ற தபால் நிலைய அதிகாரி அந்தக் கடிதங்களுக்குத் தாமே உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தார். எந்தச் சட்டத்திலும் அவருக்கு அந்த வேலை கிடையாது. குழந்தை எழுதியிருக்கிறது, பதில் போக வேண்டும், அவ்வளவுதான். 1930-ஐ ஒட்டி, நம்பினால் நம்புங்கள் என்று விசித்திரச் செய்திகளைப் படம்போட்டு வெளியிட்டு வந்த ராபர்ட் ரிப்ளி இந்த ஊரைப் பற்றியும் எழுத, கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பாரம் தாங்காமல் ஊர்ப்பெயரையே மாற்றிவிடலாமா என்றுகூடத் தபால் துறை யோசித்தது. மக்கள் விடவில்லை.

கடிதம் வந்த வழியிலேயே வியாபாரமும் வந்தது. 1935 டிசம்பரில் மில்டன் ஹாரிஸ் என்பவர் ஒரு மிட்டாய்க் கம்பெனியின் துணையோடு செங்கல்லில் ஒரு மிட்டாய்க் கோட்டை கட்டினார். அதே மாதம் கிறிஸ்துமஸ் அன்று கார்ல் பாரெட் என்ற இன்னொருவர் குன்றின்மேல் 22 அடி உயரத் தாத்தா சிலையைத் திறந்து, உலகக் குழந்தைகளுக்கு அர்ப்பணம் என்றார். இரண்டு பேருக்கும் நிலத்தகராறு வந்து, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1940-ல்தான் தீர்ப்பானது. வழக்கில் இரண்டு தரப்பின் பெயரிலும் சாண்டா கிளாஸ் இருந்தது. தாத்தாவுக்கும் தாத்தாவுக்கும் வழக்கு. பெரியவர்கள் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த அந்த வருஷங்களிலும், ஊர்ப்பெயரை நம்பி அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

அப்படி வந்தவர்களின் ஏமாற்றம்தான் லூயிஸ் கோக் மனத்தை உறுத்தியது. பக்கத்து நகரமான எவன்ஸ்வில்லில் தொழிற்சாலை நடத்தி ஓய்வு பெற்றவர், ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பன். சாண்டா கிளாஸ் என்று பெயர்ப்பலகை வைத்த ஊருக்கு இவ்வளவு தூரம் வந்த குழந்தை தாத்தாவைப் பார்க்காமல் திரும்புவதா என்று கேட்டார். போருக்கு முன்பே போட்ட திட்டம், போரால் தள்ளிப்போய், 1945-ல் வேலை தொடங்கி, மறு ஆகஸ்டில் திறப்பு விழா கண்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தப் பூங்காவை மற்றப் பூங்காக்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. ஊரின் பெயர் குழந்தைகளுக்குத் தெரியாத்தனமாகக் கொடுத்துவிட்ட வாக்கை ஒரு வயதானவர் தம் கைப்பணம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்.

அந்த வாக்குக்கு ஓர் உடம்பு வேண்டுமே. அதைத் தந்தவர் ஜிம் யெல்லிக். முதல் உலகப்போர்க் காலத்தில் கடற்படையில் இருந்தவர். கப்பலில் ஏழைப் பிள்ளைகளுக்கு நடத்திய விருந்தில், உன் ஊர்தான் சாண்டா கிளாஸுக்குப் பக்கம் ஆயிற்றே என்று இவருக்கு வேஷம் கட்டிவிட்டார்களாம். ஊர் திரும்பியபின், முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்க லீஜியனின் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதினார். பூங்கா திறந்ததும் அதன் தாத்தா ஆனார். 1984-ல் இறக்கும்வரை அவர்தான் தாத்தா. லட்சக்கணக்கான குழந்தைகள் அவர் மடியில் உட்கார்ந்து காதோடு காதாக எதையோ கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தானும் ஒரு காலத்தில் அதே மடியில் உட்கார்ந்தவர் தன் குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடிந்தது என்றால், அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

எங்கள் மாவட்டத்தில் கிறிஸ்துமஸைப் பார்க்க வேண்டுமென்றால் ஹனூர் தாண்டி மார்ட்டள்ளிப் பக்கம் போக வேண்டும். மலை மாதேஸ்வரன் மலைக்காட்டை ஒட்டிய, தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர். மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. டிசம்பர் விடியலில் அங்கே நல்ல பனி இருக்கும். குடில் வைப்பவர்கள் மூன்று வாரத்துக்கு முன்பே தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவி, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிப்பார்கள். இருபத்துநாலாம் தேதிக்கு அது விரல் உயரப் பச்சைப் புல்லாக எழுந்து நிற்கும். அதன்மேல் களிமண் ஆடுகள், மாட்டுக்கு வைக்கோல், கூரைமேல் பனிக்குப் பதிலாகப் பிய்த்துப் போட்ட பஞ்சு. அந்தப் பஞ்சில் மீதிதான் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தாடி. கேரல் குழுவோடு தப்பும் டிரம்மும் முழங்க வீடு வீடாக வரும் தாத்தாவைப் பார்த்திருப்பீர்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடி, பின்னால் ரப்பர் பேண்ட், தைத்த சிவப்பு அங்கிக்குள் தலையணை. அவர் ஆடுவார், மிட்டாய் எறிவார், அடுத்த வீட்டுக்கு ஓடுவார். கைக்குழந்தைகள் முகமூடியைப் பார்த்து வீறிட்டு அழும். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகள் அவர் பின்னாலேயே தெருக்கோடி வரை போவார்கள். அவர்களில் ஒருத்தரையாவது நிறுத்தி, உனக்கு என்ன வேணும் கண்ணு என்று எந்தத் தாத்தாவும் கேட்டு நான் பார்த்ததில்லை. நேரம் இருக்காது, இன்னும் நாற்பது வீடு பாக்கி இருக்கும்.

இண்டியானாவுக்கே வருகிறேன். லூயிஸின் மகன் பில் கோக் பூங்காவைக் கையில் எடுத்து வளர்த்தார். 1955-ல் பெரியவர்களுக்கு அரை டாலர் கட்டணம் வந்தது. 1960-ல் அவர் மணந்துகொண்ட பட்ரீசியா, தாத்தா யெல்லிக்கின் மகள். ஐ-64 நெடுஞ்சாலை இந்தப் பக்கமாக வர வேண்டும் என்று பில் பாடுபட்டார். ஆபிரகாம் லிங்கன் தம் 7 வயது முதல் 21 வயது வரை வாழ்ந்த இடம் சில மைல் தூரத்திலேயே இருந்ததால், அங்கே ஒரு நினைவிடம் அமையவும் உழைத்தார்.

1984-ல் பூங்காவின் பெயர் ஹாலிடே வேர்ல்ட் ஆனது. கிறிஸ்துமஸ் ஒரு பகுதி, ஹாலோவீன் ஒரு பகுதி, அமெரிக்க சுதந்திர தினத்துக்கு ஒரு பகுதி. கிறிஸ்துமஸை மட்டும் நம்பிப் பெரிய பிள்ளைகளை இழுக்க முடியாது என்பது வியாபார நியாயம். தாத்தா யெல்லிக் போன வருஷமே பெயரும் போனது என்று படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பின் அவர்கள் செய்ததைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வரவில்லை. 1993-ல் நீர்ப்பூங்கா சேர்ந்தது. 1995-ல் ரேவன், 2000-ல் லெஜண்ட், 2006-ல் வாயேஜ் என்று மரத்தாலான மூன்று பெரிய ரோலர் கோஸ்டர்கள் வந்தன. வாயேஜின் தண்டவாளம் 6,442 அடி நீளம், உச்சி 163 அடி உயரம். இவ்வளவுக்கும் நடுவே, 2000 முதல் உள்ளே வந்தவர்கள் எல்லாருக்கும் குளிர்பானம் இலவசம். வெயில் படாமல் பூசிக்கொள்ளும் களிம்பு இலவசம், வண்டி நிறுத்தவும் காசு இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு பூங்கா வாசல் நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்துப் பூங்காதான், பெயர் வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் பாட்டிலையும் புளியோதரைப் பொட்டலத்தையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே தண்ணீருக்கு வெளிவிலையைப்போல இரண்டு மடங்கு. மத்தியான வெயிலில், வரிசையில் நின்ற ஒரு அம்மா கையிலிருந்த சில்லறையை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, குடிச்சிட்டுத் தம்பிக்கும் வை என்று மூத்தவனிடம் பாட்டிலைக் கொடுத்தார். டிக்கெட்டுக்கு மாதக்கணக்கில் சேர்த்து வைத்துத்தான் எங்கள் மாவட்டத்துக் குடும்பங்கள் மைசூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகின்றன. அங்கே தாகத்துக்கும் காசு பிடுங்குவது தப்பு. குளிர்பானத்தை இலவசமாகக் கொடுத்தும் ஒரு குடும்பப் பூங்கா கால் நூற்றாண்டாகத் தழைத்து நிற்கிறது என்பது நம் பூங்காக்காரர்கள் பார்க்க வேண்டிய கணக்கு.

பண்டிகையையும் ராட்டினத்தையும் சேர்த்து வைப்பது நமக்கும் புதிதில்லை. மைசூர் தசராவோடு நடக்கும் எக்ஸிபிஷனை 1880-ல் பத்தாம் சாமராஜேந்திர உடையார் தொடங்கி வைத்தார். அம்பாரி யானை ஊர்வலம் முடிந்தும் தொட்டகெரே மைதானத்தில் பல வாரம் அது நடக்கும். ராட்சத ராட்டினம், மரணக்கிணறு, தட்டகலமாக டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, அரசாங்க இலாகாக்களின் அரங்குகள் எல்லாம் உண்டு. சாமராஜநகர்ப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு நாள் சொர்க்கம் என்றால் அதுதான். பக்கத்தில் சன்னபட்டணத்தில் அரக்குப் பூச்சு மர பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கடைசல் சுற்றுவதைப் பிள்ளைகள் நின்று பார்க்க ஒரு பொம்மைக்கூடமும், களைத்தவர்கள் உட்கார நிழலும், குடிக்கத் தண்ணீரும் சேர்த்து ஒரு நிரந்தரப் பூங்கா இந்தப் பக்கம் வந்தால், அதற்குத் தசரா என்று பெயர் வைத்தாலும் கிறிஸ்துமஸ் என்று வைத்தாலும் கூட்டம் வரும்.

கோக் குடும்பத்துக்குப் பிறகு மற்றவர்களும் இப்படிப் பூங்கா வைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1949-ல் சாண்டாஸ் வொர்க்ஷாப், கலிபோர்னியா மலைமேல் 1955-ல் சாண்டாஸ் வில்லேஜ். பின்னது டிஸ்னிலேண்டுக்குச் சில வாரம் முன்னால் திறந்து, 1998-ல் மூடி, 2016-ல் வேறு உருவில் மறுபடி திறந்தது. பணத்தால் மட்டும் இவை நிற்பதில்லை என்றே நினைக்கிறேன். இண்டியானாவில் பூங்காவுக்கு அடியில் அந்தக் கடிதங்கள் இருந்தன.

இன்றைக்கு ஹாலிடே வேர்ல்ட் மே மாதம் திறந்து அக்டோபரோடு மூடுகிறது. குளிர் அப்படி. கிறிஸ்துமஸுக்காகப் பிறந்த பூங்கா கிறிஸ்துமஸ் அன்று பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்த ஊரின் தபால் நிலையம் அப்போதுதான் தூக்கமில்லாமல் வேலை செய்கிறது. வாழ்த்து அட்டைகளில் அந்த ஊர் முத்திரை விழ வேண்டும் என்று நாடெங்குமிருந்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஒருவர் வரைந்த படம் அந்த முத்திரையாகிறது. ஊர்க்காரத் தொண்டர்கள் ஒன்றுகூடிக் குழந்தைகளின் கடிதங்களுக்கு இன்றும் பதில் எழுதுகிறார்கள். மார்ட்டின் 1914-ல் எடுத்த பேனாவை நூறு வருஷம் கழிந்தும் யாரும் கீழே வைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை கடிதம் எழுத ஆசைப்பட்டால் எழுதவிடுங்கள். சாண்டா கிளாஸ், இண்டியானா 47579, அமெரிக்கா என்று முகவரி போட வேண்டும். தமிழில் எழுதினால் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் நாலு வரி எழுதித் தாருங்கள். உங்கள் முகவரியைப் பின்கோடோடு தெளிவாக எழுதி, விமானத் தபாலுக்கான தலை ஒட்டி, அக்டோபர் முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள்.