போனது மரை அல்ல

"மரை போச்சு" என்று சொல்லித்தான் நம் சங்கரன்கோவில் வீடுகளில் பல சாமான்கள் பரணுக்குப் போகின்றன. பெரும்பாலும் மரை நன்றாகவே இருக்கும். தேய்ந்திருப்பது திருகாணித் தலையில் உள்ள கூட்டல்குறி வெட்டுதான்.

என் மகன் பள்ளிக்கூட நாளில் ஓட்டிய ஜப்பான் ரிமோட் கார் இப்போது பேரன் கையில். புது மோட்டார் மாட்ட வேண்டும். பழைய மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளில் ஒன்று அசையவில்லை.

நாம் 'ஸ்டார்' என்பது 1936-இல் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்ற வெட்டு. ஜப்பான் தர வெட்டு பார்வைக்கு அதேதான். அமைப்பு சற்று வேறு. நம் திருப்புளி அதில் முழுசாக இறங்காமல் வழுக்கும், தலை தேயும்.

குண்டூசியால் வெட்டின் அழுக்கை எடுத்தேன். சரியான முனையை நேராக நிறுத்தி, முக்கால் பலத்தை அழுத்தவும் கால் பலத்தைத் திருப்பவும் வைத்தேன். அசையவில்லை. ரப்பர் பேண்டு துண்டை இடையில் வைத்தும் பலனில்லை. பிறகு சால்டரிங் அயனின் சூட்டு முனையைத் திருகாணித் தலையில் மட்டும் சிறிது நேரம் வைத்தேன். மரையில் தடவியிருந்த பசை இளகியது. கால் சுற்று, அரைச் சுற்று, வந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் சூடு படக்கூடாது, கவனம். அதற்கும் மசியாவிட்டால், மெல்லிய அரத்தால் தலையில் நேர்கோடு வெட்டித் தட்டைத் திருப்புளி போடலாம்.

கழற்றிய திருகாணியைத் திரும்ப மாட்டாதீர்கள். புதியது சில ரூபாய்தான். அடுத்த தடவை அதைக் கழற்றப்போவது நாமாக இருக்க மாட்டோம்.