கோடாலியா, ரம்பமா?

மாங்காய் அறுவடை முடிந்து தோப்பு காலியானதும் நத்தம், சாணார்பட்டி பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வி வரும். "மரம் அடர்ந்துபோச்சு, கொப்பு கழிக்கணும். எந்த மாசம் கழிக்கலாம், எவ்வளவு கழிக்கலாம்?" எந்தக் கருவியால் கழிப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டில் கோடாலி கிடக்கிறது, ஊரில் கோடாலிக்காரர் இருக்கிறார், அப்புறம் அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்புதான். கேட்டிருந்தால் நத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு தோப்பில் மூன்று மரங்கள் இன்றைக்கும் காய்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் தோப்பு இரண்டு ஏக்கர். முப்பத்துமூன்று அடிக்கு ஒன்றாக வைத்த எண்பது மரங்கள். பாதி செந்தூரம், மீதி காசாவும் கல்லாமையும். வைத்தவர் இப்போது தோப்பைப் பார்க்கும் விவசாயியின் தகப்பனார். முப்பது ஆண்டில் மரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, உள்ளே வெயில் இறங்காமல், காய் எல்லாம் உச்சிக்கு ஏறிவிட்டது. உச்சியில் காய்க்கிற காயைப் பறிக்கக் கூலி அதிகம், கீழே விழுந்து அடிபடுவதும் அதிகம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் கிழக்குப் பக்கம் நாற்பது மரங்களைக் கழிக்க முடிவு செய்தார்.

விறகு வியாபாரி ஒருவர் ஆள் அனுப்பினார். "அண்ணே, கூலியே வேண்டாம். விறகை நாங்க எடுத்துக்கிறோம்" என்றார். கையில் காசில்லாத நேரம். சரி என்று சொல்லிவிட்டார்.

கூலி வாங்காமல் விறகுக்காக வெட்டுகிறவர் எந்தக் கொப்பை வெட்டுவார்? காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் மெல்லிய கிளை, நோய் பிடித்த நுனி, இவைதான் மரத்துக்கு வேண்டாதவை. இவற்றில் விறகு கிடையாது. தொடைப் பருமனில் இருக்கும் தாய்க் கொப்பில்தான் விறகு. மூன்றே நாளில் நாற்பது மரம் முடிந்தது. உள்ளே அடைத்துக்கொண்டிருந்த குச்சிகள் அப்படியே நின்றன, காய்க்கிற கை கால்கள்தான் லாரியில் போயின. அந்த ஆட்களைக் குறை சொல்லி என்ன பயன், ஒப்பந்தமே அப்படித்தான் இருந்தது.

அடுத்த கோளாறு கோடாலியில் வந்தது. பாரமான கொப்பை மேலிருந்து கொத்தினால், முக்கால்வாசி வெட்டுப்பட்டதுமே அதன் கனத்தில் கொப்பு முறியும். முறியும்போது அடிப்பக்கத்துப் பட்டையைத் தண்டோடு சேர்த்து ஒரு முழம், சில மரத்தில் இரண்டு முழம் உரித்துக்கொண்டே இறங்கும். அறுபடாமல் கிழிந்த காயம் அது. மேற்பகுதியும் கொத்திக் கொத்திக் குழியாகிவிடும். மழைத் தண்ணீர் அதில் தங்கும். மாமரத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைப்பதற்குத் தேடுவது இப்படிச் சேதப்பட்ட பட்டையையும் வெடிப்பையும்தான். புழு உள்ளே போனால் மாதக்கணக்கில் மரத்தைக் குடைந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிவது துளையும், அதன் வாயில் வழியும் மரத்தூளும், சில சமயம் பிசினும் மட்டும்தான். கிளை வாடிய பிறகு பார்த்தால் பாதி நேரம் கடந்துபோயிருக்கும்.

மறு ஆண்டு கிழக்குப் பக்கத்து நாற்பதில் பதினான்கு மரத்தில் தூள் தள்ளியது. கொக்கிக் கம்பியை விட்டுப் புழுவை இழுத்து, துளையைக் களிமண்ணால் அடைத்துப் பார்த்தார். மூன்று மரங்கள் பட்டுப்போயின. அந்த ஆண்டு மாங்காய் விலையும் சரியில்லை. "எல்லாத்தையும் மொத்தமா விறகுக்குக் கொடுத்துட்டு இடத்தைப் பிளாட்டுக்கு விட்டுடுங்க மாமா" என்று மருமகன் சொன்னார். வாங்கவும் ஆள் வந்தது. கூரை வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டு மாமனார் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள் என்பது மருமகளாக வந்த அந்த வீட்டம்மாவுக்குத் தெரியும். "ஏங்க, வித்துப்புட்டா அப்புறம் எதைப் பார்த்துக்கிட்டு உட்காந்திருப்பீங்க?" என்று கேட்டதோடு சரி, வேறு ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு அப்படியே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் வட்டாரத்தில் நடந்த கவாத்துப் பயிற்சி ஒன்றுக்குப் போனார். அங்கே பார்த்தது வளைந்த கவாத்து ரம்பம். பார்த்ததும், "இது தச்சரோட சாமான்ல, நமக்கெதுக்கு?" என்றுதான் கேட்டாராம். நியாயமான சந்தேகம். தச்சர் வைத்திருக்கும் கைரம்பம் காய்ந்த பலகைக்கானது. பல் பொடியாக இருக்கும். பச்சை மரத்தில் ஈரத்தூள் பல்லிடுக்கில் அடைத்து, ரம்பம் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். கவாத்து ரம்பத்தின் பல் பெரியது, ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாக நன்றாக விலக்கியிருக்கும். அதனால் அறுக்கும் தடம் தகட்டைவிட அகலமாக விழுந்து ரம்பம் தாராளமாக ஓடும். இன்னொரு வித்தியாசம், இது இழுக்கும்போது அறுப்பது. மரத்தின் மேல் கவட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தள்ளுவதைவிட இழுப்பது எளிது, ஒரு கை போதும், மற்றொரு கையால் கிளையைப் பிடித்துக்கொள்ளலாம். கோடாலியை மரத்தின் மேல் நின்று வீசுகிறவர் இரண்டு கையையும் விட்டுவிட்டு எதை நம்பி நிற்கிறார் என்பதை யோசித்தால் வயிறு கலங்கும். கணுவில் பட்டு வழுக்கிய கோடாலி அடுத்து இறங்குவது முழங்காலுக்குக் கீழேதான்.

பயிற்சியில் அவர் கற்றுக்கொண்டது மூன்று வெட்டு. பருமனான கொப்பு என்றால், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால்வாசி அறுக்க வேண்டும். பிறகு அதற்கு இரண்டு விரற்கடை வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால், கொப்பு முறிந்தாலும் உரிந்து வரும் பட்டை கீழ் வெட்டோடு நின்றுவிடும். மிஞ்சிய ஒரு அடிக் கட்டையைக் கடைசியாக அறுக்க வேண்டும். இந்தக் கடைசி வெட்டில்தான் பலர் தவறுகிறார்கள். கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப் பட்டை போல ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட மழித்தாலும் கெடுதி, அரை அடி முளை மாதிரி விட்டாலும் கெடுதி. முளை காய்ந்து உளுத்து அந்த வழியாகவே நோய் உள்ளே இறங்கும்.

அந்தப் புடைப்புக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்பதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. 1959-லிருந்து 1985 வரை அங்கே இருந்தவர். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாக்கில் அறுத்துப் பிளந்து உள்ளே பார்த்தவர். நம் உடம்பில் புண் ஆறுவது போல மரத்தில் காயம் ஆறுவதில்லை என்பது அவர் கண்டது. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை உள்ளேயே பூட்டிவிட்டு, மேலே புது மரம் வளர்த்துக்கொள்கிறது. கிளைக்கென்று அந்தச் சுவர் எழும்பும் இடம் அந்தப் புடைப்பையொட்டித்தான். அதை வெட்டி எறிந்துவிட்டால் மரம் எதைக்கொண்டு பூட்டும்?

காயத்துக்கு மருந்து பூசினால் உளுப்பது நிற்கும் என்பதையும் ஷைகோ ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் மாவில் பூஞ்சணமும் துளைப்பானும் சேர்ந்து வருவதால், நம் பக்கத்தில் வெட்டுவாயில் போர்டோ பசை பூசும்படியே பரிந்துரைக்கப்படுகிறது. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனியே ஐந்தைந்து லிட்டரில் மண் பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கரைத்துப் பிறகு கலக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்ததும் பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்தால் செம்பு நிறம் ஏறக் கூடாது. ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே பூசிவிட வேண்டும். பசை பூசுகிறோமே என்று கிழிந்த காயத்தின் மேல் அப்பினால் பிரயோசனமில்லை. வழவழப்பாக அறுத்த வாய்க்குத்தான் பசை நிற்கும்.

மேற்குப் பக்கத்து நாற்பது மரத்தை அவர் ரம்பத்தால் கழித்தார். ஒரே ஆண்டில் முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு நாலு மரம், மிஞ்சிப்போனால் ஐந்து. முதல் ஆண்டு இருபது, அடுத்த ஆண்டு இருபது. கூலியும் கையிலிருந்துதான் கொடுத்தார். விறகை விற்றதில் அந்தக் கூலியில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது. கழித்த மரங்களில் முதல் ஆண்டு காய்ப்பும் குறைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. முற்றிய நுனிக் கிளையில் பூப்பது மா, நுனியைக் கழித்தால் அந்த ஆண்டுப் பூ போகும். அதனால்தான் அறுவடை முடிந்த கையோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் போய்க் கழித்தால் இரண்டும் கெட்டான். கழித்தபின் இரண்டாம் ஆண்டில், கையெட்டும் உயரத்தில் காய் வந்தது. நாற்பதில் ஒரு மரத்தில் தூள் தள்ளியது. அதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டுக் கோடாலியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். பட்டுப்போன மூன்று மரத்தையும் வெட்டிச் சாய்த்து, துண்டு போட்டது ரம்பம். துண்டுகளைப் பிளந்தது கோடாலிதான். மரத்தின் நார் நெடுக ஓடுகிறது. அதைக் குறுக்கே அறுக்க ரம்பம், நெடுகப் பிளக்கக் கோடாலி. ரம்பத்தால் விறகு பிளக்கப் பார்த்தால் பொழுதுதான் போகும். முறுக்கிக்கொண்ட புளியங்கட்டையில் கோடாலியும் தோற்றுப்போகும், ஆப்பு வைத்துத்தான் அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த கட்டையைப் பிளந்தால் உள்ளே காய்ந்த மரம் கிடைக்கும், அடுப்பு பற்றும். சித்திரையிலிருந்து ஆனி வரை தோப்பிலேயே குடிசை போட்டு இரவுக் காவல் இருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களும் கோடாலியா ரம்பமா என்று இதே வழக்கைத்தான் பேசுகிறார்கள். அமெரிக்காவில் 1964-ல் வந்த வனாந்தரச் சட்டம் அப்படிப்பட்ட காடுகளில் மோட்டார் கருவிகளுக்குத் தடை போட்டிருப்பதால், அங்கே பாதை சீர்செய்யும் பணியாளர்கள் இன்றைக்கும் கை ரம்பமும் கோடாலியுமாகத்தான் விழுந்த மரங்களை அகற்றுகிறார்கள். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துப் போவதில்லை. (நம் பக்கத்தில் சிறுமலை, கரந்தமலை அடிவாரத்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு: காப்புக்காட்டுக்குள் கோடாலியும் வேண்டாம், ரம்பமும் வேண்டாம். அனுமதியில்லாமல் காய்ந்த கொப்பை வெட்டினாலும் வழக்குதான்.)

ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கத்துச் செடிமுருங்கைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவடை முடிந்து மறுதாம்புக்குத் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டும்போது, கைப்பருமன் வரை நல்ல கூர்மையான அரிவாளே போதும், சாய்வாக ஒரே வெட்டு. அதற்கு மேல் தடித்த தூர் என்றால் ரம்பம்தான். முருங்கை பொத்தையான மரம். கோடாலியால் கொத்தினால் தூர் பிளந்து, வரும் தளிர்கள் காற்றுக்குப் பெயர்ந்துவிடும். சீமைக் கருவேலத்துக்கோ இந்த வழக்கே பொருந்தாது. எதனால் வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும், வேரோடு தோண்டுவது ஒன்றே வழி. பனை வெட்டுவதானால் கருவி அப்புறம், முதலில் மாவட்ட ஆட்சியர் அனுமதி. 2021-லிருந்து அதுதான் விதி. மின்கம்பி உரசும் மரத்தில் கை வைப்பதற்கு முன் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்துவதும் அதுபோலத்தான்.

ரம்பம் வாங்குகிறவர்கள் பல்லைப் பார்த்து வாங்க வேண்டும். பல் நுனி கருநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கடினமாக்கியது, நெடுநாள் கூர் நிற்கும், ஆனால் அரத்துக்கு மசியாது, மழுங்கினால் தகட்டைத்தான் மாற்ற வேண்டும். சாதாரணப் பல் என்றால் முப்பட்டை அரத்தால் வீட்டிலேயே தீட்டலாம். மாம்பாலும் முருங்கைப் பிசினும் ஒட்டினால் மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். நோய்கண்ட மரத்தை அறுத்த ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. விலை சில நூறு ரூபாய்க்குள்தான் வருகிறது. மெஷின் ரம்பம் வேகமானதுதான், ஆனால் மரத்தின் மேல் ஏறி நின்று பயிற்சியில்லாதவர் அதைப் பிடிப்பது கோடாலியைவிட மோசம். தரையில் நின்று துண்டு போட மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும்.

நத்தத்து விவசாயி இப்போது கிழக்குப் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறார். தப்பிய மரங்களில் கிழிந்து தொங்கிய பழைய வாய்களை ஒவ்வொன்றாக ரம்பத்தால் சுத்தமாக அறுத்துப் பசை பூசிவருகிறார். தூள் தள்ளிய பதினொன்றில் ஆறு மரம் புதுத் துளிர் விட்டிருக்கிறது. ஐந்து இன்னும் இழுபறியில் இருக்கிறது. பட்டுப்போன மூன்று இடத்திலும் இந்த ஆவணியில் ஒட்டுக்கன்று வைக்கக் குழி தோண்டியாகிவிட்டது.