சம்பளம் கூடியது, அட்டை போயிற்று!

எங்கள் மணியாச்சிப் பக்கம் கரிசல் காடு. மழை பொய்த்தால் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசும் மில்லும்தான் கஞ்சி ஊற்றும். என் கணவருக்கும் அங்கே மில் வேலைதான். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுவார். அந்த இ.எஸ்.ஐ. அட்டையில்தான் எங்கள் ஆறு வயது மகளின் இளைப்புக்கு மருந்து, மாத்திரை எல்லாம்.

2023 மே மாதம் அவருடைய சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியது. இ.எஸ்.ஐ.க்கு அதுதான் வரம்பு.

"என்னட்டி, சம்பளம் கூடுனா சந்தோசம்லா படணும்?" என்றார் அத்தை. எனக்கோ மகளின் மூச்சு இழுப்பதுதான் காதில் கேட்டது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி விசாரித்தோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டுமாம். அதாவது மாதம் பத்தாயிரம்! இரண்டு அரசாங்க வாசலிலும் நாங்கள் பணக்காரர்கள். தனியார் இன்ஷ்யூரன்ஸ் வாசலில் மட்டும் ஏழைகள்.

அங்கேயும் ஒரு முடிச்சு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அப்போது 4 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 ஏப்ரலிலிருந்து அது அதிகபட்சம் 3 ஆண்டு.

நல்லவேளையாக, விவரம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு வழி சொன்னார்கள். "வரம்பு தாண்டின அன்னைக்கே அட்டை செத்துப்போகாது. செப்டம்பர் முடிய பிடித்தம் உண்டு. அதுக்குரிய வைத்தியம் அடுத்த ஜூன் முடிய உண்டு."

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதற்கான பலன் ஜனவரி முதல் ஜூன் வரை. இதுதான் கணக்கு. எங்களுக்கு 2024 ஜூன் வரை அவகாசம் இருந்தது. அதற்குள்ளேயே, மகளின் இளைப்பை மறைக்காமல் எழுதிக் கொடுத்துப் பாலிசி எடுத்தோம். இ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே காத்திருப்புக் காலம் ஓட ஆரம்பித்துவிட்டது.

பாலிசி, ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உதவும். சாதாரண இளைப்புக்கு இப்போது கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். அங்கே வருமானம் கேட்பதில்லை.

சகோதரிகளே, வீட்டில் சம்பளம் கூடப் போகிறது என்று காதில் விழுந்தால், புடவைக் கணக்குக்கு முன்னால் அட்டைக் கணக்கைப் பாருங்கள். எந்த மாதத்தில் கூடுகிறது, எதுவரை வைத்தியம் உண்டு என்று ஆபீசில் கேட்டுக் குறித்து வையுங்கள். பிள்ளையின் நோயை மறைத்துப் பாலிசி எடுக்க வேண்டாம். பணம் கேட்கும்போது அதுவே வினையாகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது, அந்த மிச்சமும் நமக்கு உதவி. தவணையைக் கெடு தாண்ட விடாதீர்கள். பாலிசி முறிந்தால் காத்திருந்த வருஷமெல்லாம் வீண்.