நோட்டுப் புத்தகம் சொன்ன நோய்

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று போனால் டாக்டர் முதலில் என்ன கேட்பார்? "ஜுரம் எப்போ வருது? ராத்திரியா, பகலா? சாப்பிட்ட பிறகா, வெறும் வயித்திலா?" நாமும் டாண் டாணென்று பதில் சொல்வோம். வீட்டிலுள்ள பழைய காரைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம், சகோதரிகளே. நான் கேட்டுப் பார்த்தேன். பலன் கிடைத்தது!

எங்களுடையது 1994-ஆம் வருஷத்து மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. 1983-இல் வர ஆரம்பித்த அந்த வண்டியின் தயாரிப்பை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். என் மாமனார் ஆசை ஆசையாக வாங்கியது. என் கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை இரவுதான் திருச்சிக்கு வருவார். மற்ற நாட்களில் டிரைவர் நான்தான். எங்கள் ஐந்து வயதுப் பெண்ணுக்கு வீசிங் உண்டு. நடுநிசியில் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் ஆட்டோவுக்கு எங்கே போவது? கார் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் தூங்குவதே.

அந்தக் காருக்கு ஒரு நாள் மூச்சு முட்டியது. எங்கள் தெரு வயலூர் ரோட்டில் சேருகிற இடத்தில், ரோடு காலியாக இருக்கிறதே என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வண்டி ஒரு விநாடி அப்படியே செத்துப் போன மாதிரி நின்றது. பிறகு ஒரு குலுக்கலோடு பாய்ந்தது. அந்த ஒரு விநாடிக்குள் பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வந்துவிட்டது. பின் சீட்டில் குழந்தை. எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துவிட்டது.

மெக்கானிக் ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "பழைய வண்டிம்மா. இன்ஜினை இறக்கணும். முப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். போனில் என் கணவர், "எதுக்கு வம்பு? வித்துடலாம்" என்றார். மாமனார் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி இரண்டு தோசைக்கு மேல் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

குழந்தையின் வீசிங்குக்காக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்றைக்கு வந்தது, மழையா வெயிலா, என்ன சாப்பிட்டாள் என்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதன் கடைசிப் பக்கத்தில் காருக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். பத்து நாள் எழுதியபின் அதை மாமனாரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"நின்ன இடத்திலேர்ந்து கிளம்பறப்போ மட்டும்தான் திணறுதா?"

"ஆமாம் மாமா. சமயபுரம் ரோட்டில் அறுபதில் போனப்போ ஒண்ணுமே இல்லை."

"அப்போ பெட்ரோல் ஒழுங்காத்தான் வருது. ஃபில்டர் அடைச்சிருந்தா அங்கேதான் இழுக்காது. சும்மா நிக்கறப்போ இன்ஜின் நடுங்குதா?"

"இல்லை. மழையிலும் அப்படித்தான், வெயிலிலும் அப்படித்தான். காலையில் முதல் தடவையும் சரி, சூடான பிறகும் சரி."

"அப்போ பிளக் இல்லை. பிளக்கோ ஒயரோ போயிருந்தா சும்மா நிக்கறப்பவே மிஸ்ஸிங் அடிக்கும். அதென்ன, 'மெதுவா மிதிச்சால் திணறவில்லை'ன்னு எழுதியிருக்கே?"

"ஆமாம், சட்டுனு மிதிச்சால்தான்."

"அம்மாடி, பாதி நோயைக் கண்டுபிடிச்சுட்டியே!" என்றவர், நிதானமாக விளக்கினார். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் இன்ஜினுக்குள் காற்று உடனே பாய்ந்துவிடுமாம். பெட்ரோல் கொஞ்சம் பின்தங்குமாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கார்புரேட்டரில் குட்டி பம்ப் ஒன்று இருக்கிறது. மிதித்த மாத்திரத்தில் அது ஒரு பீச்சு பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் வண்டி தயங்கும். இன்ஜின் தேய்ந்து போயிருந்தால் மெதுவாக மிதித்தாலும், வேகமாகப் போனாலும் பலமில்லாமல்தான் இருக்கும், புகையும் வரும்.

மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருந்தபோது, வாசலில் வைத்தே பார்த்தோம். இன்ஜினை ஆன் செய்யவில்லை. மாமனார் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சோக் தகடு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் நான் டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தேன். அவர் கையால் ஆக்ஸிலரேட்டர் லீவரை இழுத்தார்.

"என்ன தெரியறது?"

"ஒண்ணும் தெரியலை மாமா."

"இன்னொரு தடவை இழுக்கறேன். இப்போ?"

"ஒரு சொட்டு கசியற மாதிரி இருக்கு. பீச்சலை."

"அதுதாம்மா நோய்!" என்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார். முப்பது வருஷத்து ரப்பர் விறைத்து வெடித்திருந்தது. வயசு ஒரு காரணம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் சாமான்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. புது ரப்பர் போட்டு, துளைகளைச் சுத்தம் செய்து, பெட்ரோல் டியூபையும் மாற்றினார். கூலியோடு இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிட்டது. விற்கும் பேச்சும் அதோடு நின்றது.

பழைய கார் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "வண்டி சரியா ஓடலை" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். நின்று கிளம்பும்போதா, மேடு ஏறும்போதா, சூடான பிறகா, மழை நாளிலா, சட்டென்று மிதித்தாலா என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பெட்ரோல் பக்கத்தில் தீக்குச்சி, ஊதுவத்தி எதுவும் கூடாது. குழந்தைகளையும் கிட்டே விடாதீர்கள். கோளாறு தீரும்வரை, ரோடு நன்றாகக் காலியான பிறகே குறுக்கே எடுங்கள்.

மாமனார் இப்போது அந்த நோட்டில் தன் பிரஷர் மாத்திரைக் கணக்கையும் எழுதச் சொல்லிவிட்டார். "எனக்கும் வயசான இன்ஜின்தானேம்மா!" என்கிறார்.