ஜவ்வு ஒட்டியாச்சு... முழங்கால் பழையபடி ஆச்சா?

எங்கள் சாரத்தில் யாருக்காவது எம்.ஆர்.ஐ ஸ்கேனில் 'ஏ.சி.எல்' என்று வந்துவிட்டால், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காரணம், என் வலது முழங்கால். 20 வயதில் கல்லூரி கபடி மேட்ச்சில் ரெய்டு போய்த் திரும்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம். ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஆறு வருடமாகிறது. வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பண்ணிட்டா பழையபடி ஆயிடுமாம்மா?"

பயத்தோடுதான் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவர், ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கட்டின் இறுக்கத்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, முதலில் காலையும் பிறகு உயிரையும் இழந்தாரே... அதை யாரும் மறக்கவில்லை. அப்படி நடப்பது மிக அபூர்வம். கால் மரத்துப்போனால், விரல் நிறம் மாறினால், வலி ஏறிக்கொண்டே போனால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள் என்பேன். ஆனால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர்கள் ஐந்து, பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

கிழிந்த ஜவ்வைப் பெரும்பாலும் தைப்பதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளைபோட்டுப் பொருத்துகிறார்கள். அது உடனே ஜவ்வாகிவிடாது. முதல் சில மாதங்களில் பலம் இழந்து, அப்புறம்தான் மெல்ல உறுதியாகும். வீக்கம் வடிந்து 'நல்லாயிட்டேன்' என்று நமக்குத் தோன்றும் நேரத்தில்தான் உள்ளே அது பலவீனமாக இருக்கும். மைதானத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், மறுபடி காயம்படும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கிறது 2016-ல் வந்த ஓர் ஆய்வு.

ரிஷப் பன்ட்டையே பாருங்கள். 2022 டிசம்பர் 30-ல் கார் விபத்து. 2023 ஜனவரியில் முழங்கால் ஜவ்வு ஆபரேஷன். களத்துக்கு வந்தது 2024 மார்ச்சில். அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு படையே இருந்தது. எனக்கு, கணுக்காலில் கட்டித் தூக்க ஒரு கிலோ உப்பு பாக்கெட்டுகள்!

ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் சுமார் 80 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். போட்டிகளில் மறுபடி ஆடுபவர்கள் 55 பேர்தான். இது 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு. நான் மீதி 45-ல் ஒருத்தி. டாக்டர் தடுக்கவில்லை. கால் ரெடியாகத்தான் இருந்தது. திரும்பவும் அந்த 'டப்' கேட்டுவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. நிறைய பேர் ஒதுங்குவதற்கு இந்தப் பயமும் முக்கியக் காரணமாம்.

"அப்ப ஆபரேஷனே வேணாமா?" என்பார்கள். ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பாதிப் பேருக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். ஐந்து வருடம் கழித்து இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில் ஆரம்பித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. இதை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. நடக்கும்போதே முழங்கால் நழுவினால், பக்கத்து ஜவ்வும் கிழிந்திருந்தால் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

யாரும் காதில் வாங்காத விஷயம் ஒன்று உண்டு. ஜவ்வு கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 வருடங்களில் மூட்டுத் தேய்மானம் தெரிய ஆரம்பிக்கிறது. ஆபரேஷன் அதைத் தடுத்துவிடும் என்று உறுதி தர முடியாது. 20 வயதில் கிழிந்தால் 40-க்குள் மூட்டுவலி! அதனால்தான் எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். தொடைக்கான பயிற்சியை இன்னும் விடவில்லை. சாயங்காலம் வண்டிகளை நிறுத்தியபிறகு கடற்கரைச் சாலையில் ஒரு நடை.

இப்போது வீட்டில் வரன் பார்க்கிறார்கள். "ஆபரேஷன் பண்ணதை முதல்லயே சொல்லணுமா?" என்று பெரியம்மா தயங்கினார். பயோடேட்டாவில் 'கபடி, யுனிவர்சிட்டி பிளேயர்' என்று அப்பா பெருமையாகப் போட்டிருந்தார். அதற்கு அடுத்த வரியிலேயே ஆபரேஷனையும் சேர்த்துவிட்டேன். "பந்தியில சம்மணம் போட்டு உட்காருவாளா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம்.

தாராளமாக உட்காருவேன். எழுந்திருக்கத்தான் யாராவது ஒரு கை கொடுக்கணும்.